ஒன்பதாவது படம்

காலை ஐந்தே முக்காலுக்கு எழுகிறேன். பல் துலக்குகிறேன். தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் சட்டைக்கு இஸ்திரி போடுகிறேன், காலருக்கும் கைக்கும் மட்டும். மற்றதை வெள்ளைக் கோட்டு மறைத்துவிடும். தேநீரை நின்றுகொண்டே குடிக்கிறேன். இரண்டு செல்போன்களைச் சார்ஜரிலிருந்து கழற்றுகிறேன். ஒன்று பைக்குள் போகிறது. மஞ்சள் உறை போட்ட இன்னொன்று சமையலறை அலமாரியின் மேல்தட்டுக்குப் போகிறது. ஏழே காலுக்குப் பேருந்து. எட்டு மணிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்துவிடுவேன். ஒரு தகட்டில் நூறு வெள்ளையணுக்களை எண்ண வேண்டும். எந்த வகையில் எத்தனை என்று குறிக்க வேண்டும். பிறகு அடுத்த தகடு.

மஞ்சள் உறை போட்ட போன் என் மனைவியுடையது. அவள் இறந்து அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது. அதை ஏன் தினமும் சார்ஜ் செய்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை. 

ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் போனில் ஓர் அறிவிப்பு வந்தது. இடம் நிரம்பிவிட்டது, வேண்டாத படங்களை நீக்கவும். நான் உட்கார்ந்து நீக்க ஆரம்பித்தேன். அவள் எடுத்த படங்களை நான் வரிசையாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதுவும் அழிப்பதற்காக.

மூவாயிரத்துச் சொச்சம் படங்கள். முக்கால்வாசி பூச்சிகள். எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம் பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒரு துணிக்கொடி, நான்கு தொட்டிகள், துவைக்கும் இயந்திரத்தின் தண்ணீர் போகும் ஒரு சாக்கடை. இதற்குள் இவ்வளவு உயிர்கள் இருந்தது எனக்குத் தெரியாது.

அவளுக்குப் படம் எடுக்கப் பிடிக்கும். எடுத்ததும் என்னிடம் கொண்டுவந்து நீட்டுவாள். "இது என்னங்க?"

நான் விலங்கியல் படித்தவன். அவள் வணிகவியல். விலங்கியல் படித்தவனுக்கு எல்லாப் பூச்சிக்கும் பெயர் தெரியும் என்று அவள் நம்புவதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடப் படிப்பில் நான் அறுத்தது இரண்டு கரப்பான்பூச்சி, ஒரு தவளை. ஆனால் தெரியாது என்று சொன்னால் பேச்சு நீளும். அதனால் வாய்க்கு வந்ததைச் சொல்வேன். கம்பளி ஈ. பட்டாளத்து ஈ. சோம்பேறிக் குளவி. அவள் "ஓ" என்பாள். போய்விடுவாள்.

கடைசித் தொகுப்பில் பதினான்கு படங்கள் இருந்தன. அவள் இறந்த நாள். காலை ஆறு நாற்பத்தொன்று முதல் ஆறு நாற்பத்தாறு வரை. தொட்டியில் பூத்துவிட்ட கொத்தமல்லி, அதன் வெள்ளைப் பூமேல் ஒரு பூச்சி. முதல் பார்வைக்குத் தேனீ. வயிற்றில் மஞ்சளும் கறுப்பும் பட்டை பட்டையாக. ஆனால் கண்கள் தலை முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தன. அந்தக் கண்களில் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடுகள், யாரோ பேனாவால் போட்டது போல.

அது என்னவென்று தெரிந்துகொள்ள விரும்பினேன். நான்கு மாதத்தில் நான் விரும்பிய முதல் விஷயம் அது.

பூச்சிகளை அடையாளம் காட்டும் இணையக் குழு ஒன்று இருப்பது தெரியும். அவள் சொல்லியிருக்கிறாள். என் போனில் சேர்ந்தேன். படம் போட ஒரு படிவம் நிரப்ப வேண்டும். 'படம் எடுத்தவர்' என்று ஒரு கட்டம். அதற்குக் கீழே சிவப்பில், பிறர் எடுத்த படங்கள் நீக்கப்படும் என்று எச்சரிக்கை. மனைவி என்று எழுதினால் அவரையே போடச் சொல்லுங்கள் என்பார்கள். இறந்துவிட்டாள் என்று எழுத விரல் எழவில்லை. 'நான்' என்று எழுதினேன். அடுத்த கட்டம், நாள். அந்தத் தேதியையும் எழுத முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமையைப் போட்டேன்.

மறுநாள் மத்தியானம் பார்த்தால் முப்பது பேர் கை தட்டியிருந்தார்கள். என்ன கூர்மை, என்ன பொறுமை, எந்தக் கேமரா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். சீனியர் டெக்னீஷியன் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, நீயா எடுத்த? உனக்கு ரத்தத்தைத் தவிர ஒண்ணும் தெரியாதுன்னுல நினைச்சேன்."

நான் சிரித்தேன். நான்கு மாதமாக என்னிடம் எல்லோரும் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள். இவர் சாதாரணமாகப் பேசினார். அது பிடித்திருந்தது. இல்லை என்று சொல்ல அப்போது ஒரு வாய்ப்பு இருந்தது. "சும்மா எடுத்தேன் சார்" என்றேன்.

சாயங்காலம் ஒரு அழைப்பு. குழுவை நடத்துபவர். ஓய்வுபெற்ற பல் டாக்டர் என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டார்.

"தம்பி, இது ஈ. தேனீ மாதிரி வேஷம் போட்டுட்டுத் திரியற ஈ. கொட்டவும் தெரியாது, கடிக்கவும் தெரியாது, ஆனா பந்தாவுக்கு மட்டும் குறைச்சலே இல்ல."

"அப்படிங்களா."

"கண்ணுல கோடு போட்ட ஈயை நம்ம குழுவுல இதுவரைக்கும் ஒருத்தரும் போட்டதில்ல. ஆண்டு மலர்ல முதல் பக்கத்துல போடப்போறேன். உங்க பேரோட. ஆனா ஒண்ணு, எந்த இனம்னு முடிவா சொல்லணும்னா றெக்கை நரம்பு தெரியணும். நடுவுல ஓடற நரம்பு கீழ் நோக்கித் தொங்கினாப்ல வளைஞ்சிருக்கான்னு பார்க்கணும். பக்கவாட்டுல எடுத்தது இருக்கா?"

"பார்க்கறேன் சார்."

பார்த்தேன். ஒன்பதாவது படத்தில் இறக்கை விரிந்து, நரம்பெல்லாம் கண்ணாடி போலத் தெரிந்தது. பின்னால் சமையலறைச் சன்னலும் தெரிந்தது. சன்னலுக்குள் நான். பனியனோடு, தலை குனிந்து, கையில் செல்போன். கொஞ்சம் மங்கல்தான். ஆனாலும் நானேதான். இரண்டு கைகளும் போனில் இருந்தன. சன்னலுக்கு உள்ளே நிற்கிறவன் வெளியே இருக்கும் ஈயைப் படம் எடுக்க முடியாது.

அன்று காலை அந்தப் போனில் என்ன பார்த்துக்கொண்டிருந்தேன் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

சன்னலை வெட்டிவிட்டு ஈயை மட்டும் அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் மறுபடி அழைத்தார்.

"தம்பி, நம்ம குழுவோட முதல் விதியே வெட்டாத படம்தான். மூலப்படத்தை அனுப்புங்க. நான் நாற்பது வருஷம் பல் பார்த்தவன். எக்ஸ்ரேல பாதியைக் கத்தரிச்சுட்டுக் குடுத்தா நான் எந்தப் பல்லைப் பிடுங்கறது?"

"தேடிப் பார்க்கறேன் சார்."

"தேடுங்க, தேடுங்க. மூலப்படத்துலதான் தேதி, நேரம் எல்லாம் ஒட்டிக்கிட்டு வரும். அது இல்லாம மலர்ல ஏத்த மாட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை உங்க பக்கம் வர்ற வேலை இருக்கு. அந்த இடத்தையும் ஒரு எட்டுப் பார்த்துடறேன். விலாசம் அனுப்புங்க."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பிறகு நான் செய்ததையும் எழுதிவிடுகிறேன். அதே ஈயை நானே படம் எடுத்துவிட்டால் பொய் உண்மையாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். ஐந்து நாட்கள் வேலைக்குப் போகும் முன் கொல்லைப்புறத்தில் நின்றேன். கொத்தமல்லி எப்போதோ காய்ந்துபோயிருந்தது. சாக்கடைப் பக்கம் சில ஈக்கள் வந்தன. எல்லாம் வீட்டு ஈக்கள். அவற்றையும் எடுத்துப் பார்த்தேன். ஒரு படத்திலும் ஈ இல்லை. ஈ இருந்த இடம் இருந்தது. ஒரு பூச்சிக்கு இவ்வளவு பக்கத்தில் போக எவ்வளவு நேரம் அசையாமல் நிற்க வேண்டும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் சாக்கடை ஓரம் மண்டியிட்டிருந்தபோது பின்னால் குரல் கேட்டது.

"என்ன மாமா, சாக்கடையில என்னத்தைத் தொலைச்சீங்க?"

மச்சினி. மனைவியின் தங்கை. மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சாப்பாட்டு டப்பாவோடு வருவாள். முந்தின டப்பாவைக் கழுவாமல் கொடுத்தால் திட்டுவாள்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா முட்டி போட்டு உட்கார்ந்திருக்கீங்க? ஓ, ஈயா!" அவள் முகம் மாறியது. "கடைக்கு வர்ற ஒருத்தர் அந்தக் குழுவுல இருக்காரு. உங்க படத்தைக் காட்டினாரு. நான் அம்மாகிட்டக் காட்டினேன். அம்மா அழுதுட்டாங்க மாமா. 'அவ விட்ட வேலைய மாப்பிள்ளை எடுத்துச் செய்யறாரு பாரு'ன்னு. தெரு முழுக்கச் சொல்லியாச்சு."

எழுந்தேன். முழங்காலில் சேறு.

"அம்மா முன்னயே ஒண்ணு சொல்லிட்டுத் திரியறாங்க, இப்ப இது வேற," என்று சிரித்தாள்.

அந்த முன்னது என்ன என்று எனக்குத் தெரியும். மனைவி இறந்த மறுநாள் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னா மாப்பிள்ளை?" என்று கேட்டார். அவள் வேலை செய்த பள்ளி அலுவலகத்தில் பதினொரு மணிக்கு மேசைமேல் சாய்ந்தவள்தான். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது பேச்சு இல்லை. ஆகவே கடைசிப் பேச்சு காலையில் வீட்டில் பேசியதுதான். அத்தையிடம் நான், "'மத்தியானம் நேரத்துக்குச் சாப்பிடுங்க'ன்னு சொன்னா" என்றேன். அவள் அப்படிச் சொல்கிறவள்தான். எத்தனையோ நாள் சொல்லியிருக்கிறாள். அன்று சொல்லவில்லை.

பன்னிரண்டு மணிக்குப் பல் டாக்டர் வந்தார். ஒல்லியான மனிதர். கழுத்தில் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி தொங்கியது. வணக்கம் சொன்ன கையோடு நேராகக் கொல்லைப்புறம் போனார். காய்ந்த கொத்தமல்லித் தொட்டியை விட்டுவிட்டுச் சாக்கடை அருகே குந்தி உட்கார்ந்தார்.

"பார்த்தீங்களா! இதுதான் பிரசவ வார்டு. இந்த ஈயோட புழு தேங்கின அழுக்குத் தண்ணியிலதான் வளரும். எலி வால் மாதிரி நீளமா ஒரு குழாய் வெச்சிருக்கும், மூச்சு விட. இந்தச் சாக்கடை எத்தனை நாளா அடைச்சிருக்கு?"

"எட்டு மாசம் இருக்கும் டாக்டர்," என்றாள் மச்சினி. "அக்கா தினமும் சொல்லுவா. மாமா தினமும் 'நாளைக்கு'ம்பாரு. அப்ப இந்த ஈயை வளர்த்ததே மாமாதான்னு சொல்லுங்க."

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லவேளை, சுத்தமான ஆளா இருந்திருந்தா நமக்கு இந்தப் படமே கிடைச்சிருக்காது." பிறகு என்னிடம் கையை நீட்டினார். "எங்க தம்பி, மூலப்படம்?"

தேடினேன், கிடைக்கவில்லை, அழிந்துவிட்டது. இந்த மூன்று வாக்கியங்களையும் காலையிலிருந்து தயாராக வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். மச்சினி எனக்காகப் பெருமையோடு நின்றுகொண்டிருந்தாள். கையில் நான் கழுவி வைத்த டப்பா. இதை அவள் அத்தையிடம் போய்ச் சொல்வாள். அத்தை தெருவுக்குச் சொல்வார். மலரில் ஏறாவிட்டாலும் அது என் படமாகவே இருந்துவிடும். என் மனைவி அசையாமல் நின்ற ஐந்து நிமிடமும் எங்கேயும் இருக்காது.

"ஒரு நிமிஷம்," என்றேன்.

உள்ளே போய் அலமாரி மேல்தட்டிலிருந்து அவள் போனை எடுத்து வந்தேன். மஞ்சள் உறையைப் பார்த்ததும் மச்சினியின் சிரிப்பு நின்றது. அந்த உறை அவள் வாங்கிக் கொடுத்தது.

"நான் எடுக்கல டாக்டர்," என்றேன். "என் மனைவி எடுத்தது. தேதியும் பொய். நாலு மாசம் முந்தி எடுத்தது. அவ இறந்த அன்னைக்கு."

டாக்டர் போனை வாங்கினார். ஒன்பதாவது படம் திறந்திருந்தது. விரல்களால் பெரிதாக்கினார். கழுத்திலிருந்த கண்ணாடியையும் வைத்துப் பார்த்தார். "வளையுது," என்று முணுமுணுத்தார். "நல்லாவே வளையுது. பிரமாதம்." சொன்ன பிறகு, அந்த நேரத்தில் சொல்லியிருக்கக் கூடாதோ என்பது போல என்னைப் பார்த்தார்.

மச்சினி அவர் தோளருகே குனிந்தாள். அவள் ஈயைப் பார்க்கவில்லை. சன்னலைப் பார்த்தாள்.

"இது நீங்கதான மாமா?"

"ஆமா."

"அக்கா உங்களைக் கூப்பிட்டாளா?"

"மூணு தடவை."

அவள் நிமிர்ந்தாள். டப்பாவைத் துவைக்கும் கல்மேல் வைத்தாள்.

டாக்டர் போனில் குழுவைத் திறந்து படத்தை நேரடியாக ஏற்ற முயன்றார். ஒரு பக்கம் வந்ததும் விரலை நிறுத்தினார். "அட, கொல்லைப்புறமா இவங்க?"

எனக்குப் புரியவில்லை.

"எங்க குழுவுல 'கொல்லைப்புறம்'ங்கற பேர்ல ஒருத்தங்க இருந்தாங்க. படம் ஒவ்வொண்ணும் அச்சு மாதிரி இருக்கும். ஆனா பேர் மட்டும்..." அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "சோம்பேறிக் குளவி. பட்டாளத்து ஈ. கம்பளி ஈ. எந்தப் புத்தகத்துலயும் இருக்காது. குழுவுல பொடிப்பசங்க எல்லாம் கலாட்டா பண்ணுவானுங்க. 'எங்கம்மா பிடிச்சீங்க இந்தப் பேரை, யார் சொன்னது'ன்னு நானே ஒரு தடவை கேட்டேன். 'யாரும் சொல்லல சார், நானா வெச்சதுதான்'னாங்க. கலாட்டா தாங்காமத்தானோ என்னவோ, ஒரு வருஷமா ஒண்ணும் போடறதில்ல. படம் மட்டும் எடுத்துட்டுதான் இருந்திருக்காங்கபோல."

போனை வாங்கிப் பார்த்தேன். இருந்தன. ஒவ்வொரு படத்துக்கும் கீழே நான் சொன்ன பெயர். அதற்குக் கீழே சிரிக்கும் முகங்கள். அதற்குக் கீழே அவள் பதில். மன்னிக்கவும், திருத்திக்கொள்கிறேன். மன்னிக்கவும், என் தவறு. ஒன்பது இடத்தில் அப்படி எழுதியிருந்தாள். இதில் ஒன்றையும் என்னிடம் சொன்னதில்லை. திரும்பவும் அடுத்த பூச்சியை எடுத்துக்கொண்டு என்னிடமே வந்தாள்.

"அந்தப் பேரெல்லாம் நான் சொன்னது," என்றேன்.

டாக்டர் செருப்பைப் பார்த்தார். "ஓ," என்றார்.

அவர் வேலையில் கறாரானவர். படிவத்தை மறுபடி முதலிலிருந்து நிரப்பினார். படம் எடுத்தவர் கட்டத்தில் அவள் பெயரை மச்சினி எழுத்துக்கூட்டிச் சொன்னாள். நாளும் நேரமும் படத்திலிருந்தே ஏறிவிட்டன. கடைசியில் குறிப்புக்கு ஒரு கட்டம் இருந்தது.

"இதுல பார்த்தவங்க சொன்னதைப் போடுவோம்," என்றார் டாக்டர். "பூச்சி என்ன பண்ணிச்சு, எப்படிப் பறந்துச்சு, அவங்களுக்கு என்ன தோணிச்சு, இந்த மாதிரி. அவங்க ஏதாவது சொன்னாங்களா தம்பி? இல்லேன்னா காலியா விட்டுடலாம். தப்பில்ல."

நான் சமையலறைச் சன்னலைப் பார்த்தேன்.

மச்சினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மத்தியானம் சாப்பிடச் சொன்னாள்னு சொன்னீங்களே," என்றாள் மெதுவாக. "அதுவும் நீங்களா வெச்ச பேருதானா மாமா?"

"ஆமா."

"அப்ப அவ என்னதான் சொன்னா? எனக்கு வேணும். நல்லதோ கெட்டதோ, அவ சொன்னது எனக்கு வேணும்."

சொன்னேன். கொல்லைப்புறத்திலிருந்து அவள் மூன்று தடவை கூப்பிட்டாள். முதல் தடவை நான் கேட்காதது போல இருந்தேன். இரண்டாவது தடவை "வரேன்" என்றேன். மூன்றாவது தடவை, அது பறந்துவிடும் என்று கத்தினாள். நான் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளே உள்ளே வந்தாள். மூச்சு வாங்கியது. கன்னத்தில் மண் ஒட்டியிருந்தது. போனை என் முகத்துக்கு நேராக நீட்டி, "கண்ணைப் பாருங்களேன், கண்ணை மட்டும் பாருங்க" என்றாள். நான் என் போனுக்கே திரும்பிவிட்டேன். "தேனீ" என்றேன்.

அவள் போனைத் தாழ்த்தினாள். கோபப்பட்ட மாதிரித் தெரியவில்லை. பையை மாட்டிக்கொண்டாள். சாவியை எடுத்தாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"பார்க்காமலே பேர் சொல்றதுல உங்கள அடிச்சுக்க ஆளே இல்ல."